கடை டேப்லெட்டில் ஒரு செருப்பு

ஜூன் 9

வக்கீலம்மாவுக்கு,

நான் நலம். சண்டை என்று வந்தால் வக்கீல் மாதிரி வாதாடுகிற நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்கு வண்டி ஏறினாய். மூன்று மாதம் ஆயிற்று. எழுத எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வீம்பாக இருந்தேன். இப்போது ஒரு விஷயம் வந்திருக்கிறது. நம் சண்டையைப் பற்றி இல்லை. கெட்டிலைப் பற்றி.

வாடிக்கையாளர்கள் முடி மாடல் பார்க்கட்டும் என்று உன் பழைய டேப்லெட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனாயே, அதில் பத்து நாளாக என்னென்னவோ வந்து விழுகிறது. முதலில் ஒரு கெட்டில். மேசை இல்லை, சுவர் இல்லை, அந்தரத்தில் நிற்கிற கெட்டில். மறுநாள் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் சீப்பு. அப்புறம் வாளி. நேற்று ஒரு கணக்கு வாத்தியார் மாடல்களைத் தள்ளிக்கொண்டே வந்து கெட்டிலில் நின்றார். "இந்த மாடல் எனக்கு ஒத்து வருமாப்பா?" என்று கேட்டார். இரண்டாவது நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த நம் பங்காளி, கையை நிறுத்தாமல், "வரும் சார், மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாத் தெரியும்" என்றான். கடையே சிரித்தது.

இதெல்லாம் உன்னிடமிருந்து வருகிறதா? எதற்காகச் செய்கிறாய்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வம்புக்கு இல்லை.

கடைக்காரன்


ஜூன் 14

கடைக்காரருக்கு,

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆமாம், என்னிடமிருந்துதான் வருகிறது. அந்த டேப்லெட்டும் இங்கே என்னிடம் இருக்கிற டேப்லெட்டும் ஒரே கணக்கில் இருக்கின்றன. நான் இங்கே சேமிப்பது அங்கேயும் வந்து உட்காரும். அமைப்புக்குள் போனால் அதை நிறுத்திவிடலாம். பங்காளியைக் கேளுங்கள், அவர் செய்துவிடுவார்.

என்ன வேலை என்று கேட்டதால் சொல்கிறேன். இணையத்தில் சாமான் விற்கிறவர்கள் அவரவர் வீட்டுக் கட்டில் மேலும் மாடிப்படியிலும் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அந்தச் சாமானின் ஓரத்தோடு பேனாவை ஓட்டிக் கோடு போட்டு, கட்டிலையும் படியையும் போகச் செய்து, வெள்ளைப் பின்னணியில் நிறுத்துவோம். படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் கோடு போட வேண்டும். கை நடுங்கினால் கெட்டிலுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு எண்பது படம். ஆபீஸ் படங்கள் ஆபீசோடு போய்விடும். உங்களுக்கு வருவது நான் அறையில் பழகிக்கொள்வது. அதற்கு என் சாமான்களைத்தான் படம் எடுக்கிறேன், வேறு யாரைக் கேட்பது.

இந்த வேலை கிடைத்ததும் உங்கள் அக்கா வீட்டில், அத்தனை பேர் முன்னால், "என் சம்சாரம் செருப்புப் படம் வெட்டுறா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். உண்மையில் செருப்பு சுலபம். எது கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

வக்கீல்


ஜூன் 20

வக்கீலம்மாவுக்கு,

நிறுத்தவில்லை. பங்காளியிடமும் சொல்லவில்லை. வரட்டும்.

இப்போது காலையில் கடையைத் திறந்ததும் பெருக்குவதற்கு முன்னால் டேப்லெட்டைத்தான் பார்க்கிறேன். இதுவரை வந்ததை வைத்து உன் அறையை ஓரளவு கட்டிவிட்டேன். நாற்காலி ஒன்றுதான். டம்ளர் ஒன்றுதான். அடுப்பும் ஒற்றை அடுப்பு. வாளியின் பிடி போய்விட்டது, கம்பி கட்டியிருக்கிறாய், கை அறுக்கும், துணி சுற்று. சாமான்களின் இடதுபக்கம்தான் எப்போதும் வெளிச்சம் இருக்கிறது, அதனால் ஜன்னல் அந்தப் பக்கம்.

ஜன்னலுக்கு ஐந்து கம்பிகள். எப்படித் தெரியும் என்று கேட்பாய். கெட்டிலின் வயிற்றில் தெரிகிறது. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பிழைப்பவன் நான், பிம்பத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கம்பிகளுக்குக் கீழே நீயும் தெரிகிறாய், உளுந்து அளவு தலை, கையைத் தூக்கிக்கொண்டு. பின்னணி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு உன்னை மட்டும் கெட்டிலுக்குள் விட்டுவிட்டாய். மெலிந்திருக்கிறாயா, கெட்டில் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியவில்லை.

எது கஷ்டம்? இப்போது கேட்கிறேன், சொல்.

இன்னொன்று. புதன்கிழமை ஒரு செருப்பு வந்தது. ஆம்பளைச் செருப்பு. பெரிய கால். நீ தனியாக இருக்கிற அறையில் அது யாருடையது? பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கடைக்காரன்


ஜூன் 25

கடைக்காரருக்கு,

அந்தச் செருப்பு உங்களுடையது.

போன வருஷம் குதிகால் தேய்ந்துவிட்டது என்று குப்பைக்கூடையில் போட்டீர்கள், நினைவிருக்கிறதா? தனியாக இருக்கப் போகிறவள், வாசலில் ஒரு ஆம்பளைச் செருப்புக் கிடந்தால் நல்லது என்று எடுத்து வைத்திருந்தேன். இங்கே கதவுக்கு வெளியே கிடக்கிறது. சிலிண்டர் போடுகிறவர் வந்தால், "சார் இல்லையாம்மா?" என்று கேட்கிறார். "தூங்குறார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக நீங்கள் இங்கே தூங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இரண்டு வருஷம் கால் விட்டு நடந்த செருப்பைப் பார்த்து யாருடையது என்று கேட்கிறீர்களே, உங்களை என்ன சொல்வது.

கெட்டிலுக்குள் நான் இருப்பதை நான் கவனிக்கவில்லை. திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஆமாம், இருக்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா பார்த்திருந்தால் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். வாங்குகிறவனுக்குக் கெட்டில் போதும், படம் எடுத்தவள் எதற்கு என்பார். வாளிக்குத் துணி சுற்றிவிட்டேன்.

எது கஷ்டம் என்று கேட்டீர்கள். முடி. மனுஷ முடி. கெட்டிலுக்கு ஓரம் உண்டு, செருப்புக்கு உண்டு. முடிக்கு ஓரம் எது? கோடு எங்கே போடுவது? இதில்தான் மாதக் கணக்காக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல்


ஜூலை 8

வீட்டுக்காரிக்கு,

இன்று காலை கடையைத் திறந்தேன். டேப்லெட்டில் முப்பத்தொரு படம் வந்திருந்தது. முப்பத்தொன்றும் நான்.

கல்யாணத்தில் நான். கடல் பார்க்கப் போனோமே, அங்கே நான். அக்கா வீட்டு மாடியில் நான். கடைத் திறப்பு அன்று நாடாவைப் பிடித்துக்கொண்டு நான், நாடா பாதி இல்லை. ஒன்றிலும் நீ இல்லை. எல்லாப் படமும் எனக்கு மனப்பாடம், எதில் நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று தெரியும். அந்தந்தப் பக்கம் காலியாக இருக்கிறது.

வெட்டுவது எனக்கும் தொழில்தான். வெட்டியது தரைக்குப் போகும், சாயங்காலம் பெருக்கிக் கூடையில் போட்டுவிடுவோம். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படி ஒவ்வொரு படத்திலிருந்தும் என்னை வெட்டி எடுத்து வெளியே போட வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். வாடிக்கையாளர்கள் பார்க்கிற இடத்தில் வந்து விழ வேண்டியதில்லை. பங்காளி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். எனக்கு அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது.

நாடா வெட்டிய படம் ஒன்றையாவது முழுசாக விட்டு வை.


ஜூலை 12

கடைக்காரருக்கு,

பெயர் போடாமல் முடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை. நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் தொழிலில் வெட்டியது குப்பை. என் தொழிலில் வெட்டியதுதான் சாமான், மிச்சம்தான் குப்பை. கெட்டிலை வெட்டி எடுத்தேன் என்றால் கெட்டில் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். போனது மேசையும் சுவரும். உங்களை யாரும் எங்கும் எறியவில்லை. அந்த முப்பத்தொரு படத்திலும் எறியப்பட்டது யார் என்று பார்த்தால், நான்தான். பழைய படங்களும் பத்திரமாக இருக்கின்றன. நாங்கள் எதையும் அழிப்பதில்லை, மேலே ஒரு திரை மாதிரி போட்டு மறைப்போம், திரையை எடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். நாடா முழுசாக இருக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பாதி உண்மையை எழுதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

என் ஆறு மாத ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஒரு பரீட்சை. தேறினால் நிரந்தர வேலை, 31ஆம் தேதி கையெழுத்து. பரீட்சையில் வைப்பது முடிதான். எனக்குத் தெரிந்ததிலேயே வெட்ட மிகக் கஷ்டமான தலை உங்களுடையது, சுருட்டையும் இல்லாமல் நேரும் இல்லாமல் நாலு திசையிலும் போகிறது. அதனால்தான் உங்களை எடுத்துக்கொண்டேன். உங்களை எறியவில்லை. ஆனால் உங்களை வைத்துத்தான், உங்களிடமிருந்து ஐந்து மணி நேரத் தொலைவிலேயே இருப்பதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். எது அதிகமாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்றும் மோசமாக வந்திருக்கிறது. மாதிரிப் பரீட்சையில் மூன்று முறை தோற்றுவிட்டேன். "தலைல தொப்பி கவுத்த மாதிரி இருக்கும்மா" என்கிறார் மேற்பார்வையாளர் அம்மா. நீங்கள் சந்தோஷப்படலாம்.

வக்கீல்


ஜூலை 29

வக்கீலம்மாவுக்கு,

பதினைந்து நாள் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ தோற்றுவிட்டால் வந்துவிடுவாய், நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று ஒரு எண்ணம். அப்படி நினைத்ததை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

முந்தாநாள் மழை, கடையில் ஆள் இல்லை. டேப்லெட்டை எடுத்து அந்த முப்பத்தொன்றையும் வரிசையாகப் பார்த்தேன். இந்தத் தடவை ஆளைப் பார்க்காமல் தலையைப் பார்த்தேன். சகிக்கவில்லை. நெற்றியை இரண்டு விரற்கடை மேலே ஏற்றி என்னை வழுக்கையாக்கியிருக்கிறாய். காதோரத்தைக் கத்தியால் வழித்த மாதிரி விட்டிருக்கிறாய். இப்படி ஒரு தலை என் கடையிலிருந்து வெளியே போனால் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். பங்காளியும் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இப்படிப் பண்ணினது?" என்றான். "உங்க அண்ணி" என்றேன். "அண்ணிக்கு யாராவது சொல்லக் கூடாதா?" என்றான்.

அதனால் சொல்கிறேன். நீ ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறாய், அதுதான் தப்பு. முடிக்கு ஓரமே கிடையாது. ஒவ்வொரு முடிக்கும் வேர் உள்ளேதான் இருக்கிறது, வெளியே தெரிவது நுனி மட்டும். தலையின் பின்பக்கம் சுழி இருக்கும், அங்கிருந்துதான் எல்லாம் புறப்படும். முதலில் சுழி எங்கே என்று பார். அப்புறம் உள்ளேயிருந்து வெளியே, முடி போகிற வழியாகவே கோட்டை இழு. இழுக்க இழுக்க அழுத்தத்தைக் குறை. பிடரியில் முடி நேராகக் கீழே இறங்காது, இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவே பார்த்துத் திரும்பும், பத்தில் எட்டுப் பேருக்கு அப்படித்தான். காதுக்கு முன்னால் இருப்பது முடியே இல்லை, பூனைமயிர், அதைக் கோடாகப் போடாதே, தொட்டும் தொடாமலும் விடு. நுனியில் வெளிச்சம் உள்ளே புகும், கருப்பு முடியும் அங்கே கொஞ்சம் செம்பட்டையாகத்தான் தெரியும்.

இந்தத் தாளில் என் முடி ஆறு ஒட்டியிருக்கிறேன். வேர்ப்பக்கம் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார், அடியில் எவ்வளவு தடிமன், நுனியில் எவ்வளவு மெல்லிசு என்று தெரியும்.

இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. நீ தேறினால் வரமாட்டாய் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தப்பாக வெட்டின தலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. என் தொழிலோடு நான் செய்து வைத்திருக்கிற ஒப்பந்தம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் கேள். உடனே எழுதுகிறேன்.

கடைக்காரன்


ஆகஸ்ட் 20

கடைக்காரருக்கு,

தேறிவிட்டேன்.

பரீட்சைக்கு வந்த படம், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளை. காற்றில் தலை பறக்கிறது. மற்ற நாலு பேரும் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சுழியைத் தேடினேன். படத்தில் சுழி தெரியவில்லை, ஆனால் முடி போகிற திசையை வைத்து அது எங்கே இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த அந்த நேரம் எனக்கு ஏற்பட்ட குஷியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கை தானாகப் போயிற்று.

மேற்பார்வையாளர் அம்மா பிடரியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதை எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். "வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார்" என்றேன். "அவரும் இந்த லைன்ல இருக்காரா?" என்றார். "முப்பது வருஷமா" என்றேன். பொய் இல்லையே.

நீங்கள் அனுப்பிய ஆறு முடியும் என் மேசை விளக்கில் ஒட்டியிருக்கின்றன. பார்த்து ஒருத்தி மிரண்டுவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 31ஆம் தேதி கையெழுத்து. இன்னும் போடவில்லை. உங்களுக்காகத் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பாதி அதுதான் என்றாலும். உங்கள் மேல் எனக்கு ஒரு குறை இருந்தது, என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதே இல்லை என்று. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. உங்கள் கடைக்கு நூறு தடவை வந்திருக்கிறேன். வந்து உட்கார்ந்து கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரியில் முடி நடுவே பார்த்துத் திரும்பும் என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

உங்களை விட்டு இருப்பது கஷ்டமாக இருக்கிறது. வேலையை விடுவதும் கஷ்டம், ஏனென்றால் இப்போதுதான் எனக்கு அது வந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் நாம் இரண்டு பேரும் என்ன ஆவோம்? சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள். 31க்குள் வர வேண்டும்.

உங்கள் வக்கீல்


ஆகஸ்ட் 29, சனிக்கிழமை

என் வக்கீலம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு வாரத்தில் நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாம் என்ன ஆவோம் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கையெழுத்துப் போடு. கடையை விட்டுவிட்டு என்னால் வர முடியாது, அந்த வேலை எனக்குப் பிடிக்கும், அது இல்லாமல் நான் நல்ல மனுஷனாக இருக்க மாட்டேன். அதே மாதிரிதான் உனக்கும் இருக்கும் என்பது இந்த மூன்று மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. எனக்குச் செவ்வாய் விடுமுறை, உனக்கு ஞாயிறு. இரண்டும் ஒட்டாது. எப்படி ஒட்ட வைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்போம், கடிதத்தில் அது முடியாது.

அக்கா வீட்டில் நான் சொன்னது தப்பு. சிரிப்பு வர வேண்டும் என்பதற்காக உன்னைச் சின்னதாக்கினேன். நேற்று அங்கே போயிருந்தேன். அக்கா வழக்கம்போல, "இன்னும் செருப்புத்தான் வெட்டிட்டிருக்காளா?" என்று கேட்டாள். "இல்லக்கா, செருப்பு சுலபம், கேளு" என்று உட்கார வைத்து, ஓடுகிற பஸ்ஸில் இருக்கிற பொம்பளையின் தலையை வெட்டுவது எப்படி என்று ஆரம்பித்தேன். சுழிக்கு வரும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அத்தான் எழுந்து போய் அணைத்தார். நான் நிறுத்தவில்லை. முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன். அக்கா கடைசியில், "இவ்வளவு இருக்கா இதுல?" என்றாள்.

இன்று காலை பங்காளியிடம் சாவியைக் கொடுத்தேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை நான் இல்லாமல் இருந்ததில்லை. "உடம்புக்கு என்னண்ணே?" என்று பயந்துவிட்டான். "ஒண்ணுமில்லை, அண்ணி வேலை பார்க்கறதைப் பார்க்கப் போறேன்" என்றேன்.

அதற்குத்தான் வருகிறேன். கூட்டிக்கொண்டு போக வரவில்லை, சண்டை போடவும் வரவில்லை. சனிக்கிழமை உனக்கு அரை நாள்தானே. நீ பேனாவை எடுத்து முதல் புள்ளி வைப்பதிலிருந்து கடைசிப் புள்ளி வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதை வெட்டினாலும் சரி. நடுவில் நான் பேச மாட்டேன், கேள்வி மட்டும் கேட்பேன். நிறையக் கேட்பேன் என்று நினைக்கிறேன்.

பஸ் ஊருக்குள் நுழைகிறது. இதை உன் கதவுக்கு அடியில் நுழைத்துவிட்டு வெளியே நிற்பேன். அவசரம் ஒன்றும் இல்லை, படித்து முடித்துவிட்டுத் திற.

கடைக்காரன்